ராமேஸ்வரத்தில் ரூம் சரியில்லையா? முன்பதிவு முதல் பணம் திரும்பும் வரை முழுமையான வழிகாட்டி

இரண்டு நாள் லீவில் ராமேஸ்வரம் போய்விட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோயிலைப் பற்றியோ தனுஷ்கோடியைப் பற்றியோ குறை சொல்ல மாட்டார்கள். தங்கிய ரூமைப் பற்றித்தான் சொல்வார்கள். குழாயில் உப்புத் தண்ணீர், மெத்தையில் ஈர வாடை, சில்லென்று ஆகாத ஏசி, படத்தில் ஒரு ரூம் கையில் ஒரு ரூம், அமாவாசைக்கு முதல் நாள் "ரூம் ஃபுல் சார்" என்ற பதில். இவற்றில் பாதி, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் கட்டிடம் நிற்பதால் வருவது. மீதி, கூட்டத்தைப் பார்த்துச் செய்யப்படுவது. முதல் வகையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது வகைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு நேரம் உண்டு: சாவி கைக்கு வந்ததிலிருந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் உள்ள இருபது நிமிடம். அந்த நேரத்தில் பார்த்துச் சொன்ன குறைக்கு ரூம் மாற்றித் தருவார்கள். ஒரு இரவு படுத்து எழுந்து சொன்னால், "நேத்தே சொல்லியிருக்கலாமே" என்பதுதான் பதில். அதற்கு நம்மிடமும் மறுபதில் இருக்காது.

தேதியும் இடமும்

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, இந்த மூன்றையும் ஒட்டிய இரண்டு நாட்களையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். திதி கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் வேறு வழியில்லை. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாட்களில் போனால், சுமாரான ரூமுக்கே இரண்டு மூன்று மடங்கு வாடகை கொடுக்க நேரும். மற்ற மாத அமாவாசைகளிலும் கூட்டம் உண்டு. காலண்டரைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள்.

மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், தரைத்தள ரூம் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 20-ம் தேதி ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த அளவு ஆண்டுதோறும் பெய்யாது. ஆனாலும் சாதாரண மழைக்கே தரைத்தளச் சுவர் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து நிற்கும்.

"சீ வியூ" என்று கூடுதலாக வாங்குகிற ரூம்களில் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது ஓலைக்குடா, சங்குமால் கரை, கொந்தளிப்பாக இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, கிளம்பினால் தனுஷ்கோடிச் சாலைப் பக்கம் மணல் பறக்கும். காற்று அடிக்கும் பக்கம் பார்த்த ஜன்னலில் கண்ணாடி முழுக்க உப்புப் படிந்து கடல் மங்கலாகத்தான் தெரியும், பால்கனிக் கதவைத் திறக்கவும் முடியாது. அந்தந்தக் காலத்துக்கு எதிர்ப்பக்க ரூம் கேட்டால் வாடகையும் குறையும், தூக்கமும் வரும். பெயரில் "தனுஷ்கோடி" என்று சேர்த்துக்கொண்ட விடுதி எதுவும் தனுஷ்கோடி ஊருக்குள் இல்லை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அங்கே சில மீனவர் குடிசைகளைத் தவிர குடியிருப்பு கிடையாது, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை இரவு தங்கவும் விடமாட்டார்கள். அந்த விடுதி ராமேஸ்வரத்திலிருந்து போகும் சாலையில் எங்கோ இருக்கும். எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேளுங்கள்.

கோயில் தரிசனம்தான் முக்கியம் என்றால் ரத வீதிகளை ஒட்டியோ, அக்னி தீர்த்தத்துக்கு நடக்கும் தூரத்திலோ தங்குவது நல்லது. விடியற்காலை 5 மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு எழுந்து நடந்துவிடலாம். கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி முடித்து, உடை மாற்ற ரூமுக்குத் திரும்புவதும் சுலபம். ஆனால் அங்கே பல லாட்ஜ்களுக்குப் பார்க்கிங் இல்லை. கூட்டமான நாட்களில் ரத வீதிக்குள் காரை விடவும் மாட்டார்கள். வயதானவர்களோடு காரில் வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்கி ஆட்டோவில் போய் வரலாம். கோயிலிலிருந்து மேற்கே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான். இரைச்சல் வேண்டாம், கோயிலுக்கு ஒரு முறை போனால் போதும் என்பவர்களுக்குத் தங்கச்சிமடம், மண்டபம், ராமநாதபுரம் எல்லாமே சரிவரும்.

பழைய குறிப்புகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதன் பிறகு எழுதப்பட்டவை எல்லாம் "மண்டபத்தில் இறங்கி வண்டி பிடியுங்கள்" என்றே சொல்லும். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்த பின் ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது.

பணம் கட்டும் முன் ஒரு போன்

ஆப்பில் புக் செய்தாலும் லாட்ஜுக்கு நேராக ஒரு முறை பேசுங்கள். அந்த நம்பரை ஆப்பில் உள்ள பக்கத்திலிருந்தோ மேப்பில் உள்ள இடத்திலிருந்தோ எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள். கோயில் ஊர்களில் விடுதிப் பெயரில் போலி இணையதளம் நடத்தி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடும் மோசடி பெருகியிருக்கிறது. தேவஸ்தான ரூம் என்று சொல்லித் தனிநபர் பெயரில் உள்ள யுபிஐ எண்ணுக்கு யார் பணம் கேட்டாலும் அனுப்பாதீர்கள். தேவஸ்தான அறைகளைக் கோயிலின் அதிகாரப்பூர்வத் தளத்திலும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியை அக்கழகத்தின் தளத்திலும் மட்டுமே பதிவு செய்யுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ராத்திரியைக் கடத்தினால் பெரும்பாலும் கைவிட்டுப் போய்விடும்.

போனில் கேட்க வேண்டியவை இவை. இதே வார்த்தைகளில் கேளுங்கள். சுற்றி வளைத்தால் "எல்லா வசதியும் இருக்கு சார்" என்ற ஒரே பதில்தான் வரும்.

"அண்ணே, பாத்ரூமுக்கு நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? குடிக்க கேன் ரூமுக்குக் கொடுப்பீங்களா, காசா?"

"செக் அவுட் எப்படி, 24 மணி நேரமா, மதியம் 12 மணியா?" இந்தக் கேள்வியை விட்டால் அதிகம் இழப்பீர்கள். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர் விடிகிற நேரத்தில் இறங்குவார். 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் விடுதியில் ஒன்று மதியம் வரை ரிசப்ஷன் சோபாவில் உட்கார வேண்டும், அல்லது அரை நாள் வாடகை தனியாகக் கட்ட வேண்டும். 24 மணி நேரக் கணக்கு என்றால் காலை 6-க்கு ஏறி மறுநாள் காலை 6-க்கு இறங்கலாம்.

"கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஏசி ஓடுமா, ஃபேன் மட்டுமா?" "லிஃப்ட் இருக்கா, எந்த மாடி?" "நாலு பேருன்னா எக்ஸ்ட்ரா பெட் கட்டிலா, கீழ விரிக்கிற மெத்தையா, எவ்வளவு?" "வண்டி உங்க வாசல்லயே நிக்குமா?"

பேசி முடித்ததும் ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் நாலு வரியாக அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்குங்கள். பின்னால் எது நடந்தாலும் அந்த ஒரு வார்த்தைதான் சாட்சி.

வாடகைக் கணக்கையும் அப்போதே முடித்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். அதாவது 2,000 ரூபாய் ரூமுக்கு 100 ரூபாய் வரி, மொத்தம் 2,100. பழைய பழக்கத்தில் 12 சதவீதம் என்று 240 கேட்டால் மறுக்கலாம். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். எண் இல்லாத துண்டுச் சீட்டில் வரி என்று எழுதினால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை, பதிவு செய்யாத கடை வரி வசூலிக்கவே கூடாது. ஆப்பில் முதலில் ஒரு விலை காட்டி, கடைசிப் பக்கத்தில் விதவிதமான கட்டணங்களைக் கூட்டுவது 2023 நவம்பர் 30-ம் தேதி அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி தடை செய்யப்பட்ட வணிக முறை. அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இருபது நிமிடம்

ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் முன் "ரூமை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறோம்" என்று சொல்லுங்கள். வழக்கத்தில் உள்ளதுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் ரிசப்ஷனில் சாமானோடு இருக்கட்டும், இன்னொருவர் மட்டும் மேலே போகட்டும். அடையாளத்துக்கு ஆதார் கேட்பார்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் நகலைக் கொடுங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை ஏசியை 24-ல் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்துவது. பத்து நிமிடம் ஓடட்டும், அதற்குள் மற்றவற்றைப் பார்க்கலாம். கடற்கரையில் ஏசி கெடுவதற்கு ஒரு காரணம் உண்டு. மாடியில் வைத்திருக்கும் வெளிப்பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரித்துவிடும். தகடு உதிர்ந்தால் சூடு வெளியேறாது, குழாய் அரித்தால் கேஸ் கசியும். அப்படிப்பட்ட ஏசி காற்றை மட்டும் வீசும். "கொஞ்ச நேரம் ஓடினா கூலிங் வந்துடும்" என்பார்கள். பத்து நிமிடத்தில் வராதது ராத்திரி இரண்டு மணிக்கும் வராது. மெக்கானிக்குக்காகக் காத்திருக்காமல் வேறு ரூம் கேளுங்கள்.

அடுத்து பாத்ரூம். ஷவரைத் திறந்து பாருங்கள். உப்புத் தண்ணீர் ஓடும் ஷவரில் துளைகளைச் சுற்றி வெள்ளையாகக் காரை பிடித்திருக்கும். பாதித் துளை அடைபட்டு, மீதித் துளையிலிருந்து தண்ணீர் கோணலாகச் சுவரில் பீய்ச்சும். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் கரிப்பு தெரியும். நாக்கில் வைக்கப் பிடிக்காவிட்டால் சோப்பைத் தேயுங்கள். நுரை வராமல் கையில் பிசுபிசுவென்று திரிந்தால் அது உப்புத் தண்ணீர். தீவில் நல்ல தண்ணீர் அருமையான பொருள். எல்லாக் குழாயிலும் காவிரித் தண்ணீரை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் "நல்ல தண்ணி" என்று வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டுவிட்டு உப்புத் தண்ணீர் விட்டால் அது குறைபாடு. அப்போது குளிக்க இரண்டு வாளி நல்ல தண்ணீராவது கேட்டு வாங்குங்கள். கடலில் குளித்துவிட்டு வந்தவருக்கு அது இல்லாமல் தலைமுடி அடங்காது.

கீஸரில் கவனம் தேவை. உப்பேறிய தண்ணீரில் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி சீக்கிரம் அரிக்கும், அரித்தால் தண்ணீரில் கரண்ட் கசியும். சுவிட்ச் போட்டதும் மின்பெட்டியில் பிரேக்கர் விழுகிறதா, குழாயைத் தொட்டால் விரலில் சுரீர் என்று ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் ஒரு நிமிடமும் அந்த ரூமில் இருக்காதீர்கள். சரியாக இருக்கும் கீஸரையும் குளிப்பதற்கு முன் அணைத்துவிட்டே குளியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மெத்தை. விரிப்பை ஒரு மூலையில் விலக்கி, உள்ளங்கையை மெத்தையில் அழுத்தி அரை நிமிடம் வையுங்கள். சில்லென்று ஈரம் ஏறினால் முந்தைய ஆட்கள் தீர்த்தமாடிய ஈரத் துணியோடு உட்கார்ந்தோ, துணியைக் கட்டிலில் காயப் போட்டோ இருப்பார்கள். உப்பு ஏறிய பஞ்சு காயவே காயாது, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். விரிப்பை மாற்றுவதால் பயனில்லை, மெத்தையை மாற்ற வேண்டும். அதே கையோடு மெத்தையின் தையல் ஓரத்தையும் தலைமாட்டுப் பலகையின் இடுக்கையும் போன் டார்ச்சில் பாருங்கள். மிளகைத் தூளாக்கித் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. பக்கத்து ரூம், மேல் ரூம், கீழ் ரூம் எதுவும் வேண்டாம், தள்ளியிருக்கும் ரூமாகக் கேளுங்கள். உறுதியாகும் வரை பையைக் கட்டிலில் வைக்காமல் மேஜையில் வையுங்கள்.

கதவுத் தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பாருங்கள். துருப்பிடித்து, திருகாணி ஆடும் தாழ்ப்பாள் இங்கே சாதாரணம். பாத்ரூம் ஜன்னல், கண்ணாடிப் பின்புறம், டிவிக்குப் பக்கத்தில் காரணமில்லாத ஓட்டை எல்லாவற்றிலும் ஒரு பார்வை ஓட்டுங்கள். கேமரா போல எதுவும் தென்பட்டால் கழற்றாதீர்கள், தொடாதீர்கள். படம் எடுத்துவிட்டு 112-க்கு அழையுங்கள். பெண்களை அப்படி மறைந்து படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ம் பிரிவில் குற்றம்.

எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக, வாசலில் ரூம் நம்பரிலிருந்து தொடங்கி வெட்டாமல் எடுங்கள். ரெண்டு நிமிடம் போதும்.

குறை இருந்தால் என்ன செய்வது, எந்த வரிசையில்

முதலில் ரிசப்ஷன் பையனிடம் சத்தம் போடாதீர்கள். அவருக்கு ரூம் மாற்றுகிற அதிகாரம் இருக்கலாம், பணம் திருப்பும் அதிகாரம் இருக்காது. மேனேஜரைக் கேளுங்கள். பேசியதை அப்படியே எழுத்திலும் அனுப்புங்கள். இந்த மாதிரி:

"வணக்கம் சார். இன்று காலை 6.40-க்கு ரூம் 204 சாவி வாங்கினோம். ஏசி 15 நிமிடம் ஓடியும் குளிரவில்லை, மெத்தை ஈரமாக உள்ளது. வீடியோ இணைத்துள்ளேன். 7.30-க்குள் அதே வகை வேறு ரூம் கொடுங்கள், இல்லையென்றால் கட்டிய 2,100 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள்."

நேரம், நம்பர், குறை, கேட்பது, கெடு ஆகிய ஐந்தும் அதில் உண்டு. "மோசமான ரூம், கேவலமான சர்வீஸ்" என்று எழுதினால் எங்கேயும் எடுபடாது.

கீழ்த்தர ரூம் கொடுத்தால் வாடகை வித்தியாசத்தை அப்போதே கணக்கிட்டு வாங்குங்கள். ஏசி ரூம் 2,000, ஏசி இல்லாதது 1,200 என்றால் ஒரு இரவுக்கு 800 ரூபாயும் அதற்கான வரியும் திரும்ப வேண்டும். "போகும்போது பார்த்துக்கலாம்" என்பதை ஏற்காதீர்கள்.

ஆப்பில் புக் செய்தவர்கள் செய்யும் பெரிய தவறு, கோபத்தில் தாங்களே கேன்சல் பட்டனை அழுத்துவது. அழுத்தினால் நீங்களாக ரத்து செய்ததாகப் பதிவாகி, கேன்சல் விதிப்படி பணம் போய்விடும். சொல்லாமல் வெளியேறினாலும் "வரவில்லை" என்று லாட்ஜ் பதிந்துவிடும். ரிசப்ஷனில் நின்றபடியே ஆப்பின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, வீடியோவை அனுப்பி, புகார் எண் வாங்கிய பிறகே நகருங்கள். அவர்கள் லாட்ஜோடு பேசி "பணம் பிடிக்காமல் ரத்து" என்று எழுத்தில் தரட்டும்.

அமாவாசை நேரத்தில் "உங்க ரூம் இல்ல, தங்கச்சிமடத்துல நம்ம இன்னொரு லாட்ஜ் இருக்கு" என்று அனுப்பப் பார்ப்பார்கள். போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போனால் மூன்றை எழுதி வாங்குங்கள்: வாடகை வித்தியாசம், போய்வரும் ஆட்டோ செலவு, உறுதி செய்த ரூமை லாட்ஜே மறுத்தது என்ற ஒரு வரி. இருட்டில் பிள்ளைகளோடு நிற்கும்போது சண்டையை வளர்க்காமல் அந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு போய்த் தூங்குங்கள். மற்றதை ஊருக்குத் திரும்பிப் பார்க்கலாம்.

ஊர் திரும்பிய பின்

பணம் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பில், புக்கிங் எண், வாட்ஸ்அப் உரையாடல் பக்கத்தில் இருக்கட்டும். இவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், எதிர்த்தரப்புக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய ஆப்கள் இதற்கு மதிப்புக் கொடுக்கும், தனி லாட்ஜ்கள் சில நேரம் கண்டுகொள்ளாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தொகையை மறுத்துப் புகார் பதிவு செய்வதையும் அதே வாரத்தில் செய்யுங்கள். அதற்குக் கால வரம்பு உண்டு.

அதுவும் நடக்காவிட்டால் 15 நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இதற்காக ராமநாதபுரம் அலைய வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவில் கட்டிய தொகை, வேறு ரூமுக்கு ஆன செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். 2,100 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் இழப்பீடு கேட்டால் மனுவின் மதிப்பே குறையும்.

இணையத்தில் விமர்சனம் எழுதினால் தேதி, ரூம் நம்பர், மாடி, எந்தத் திசை ஜன்னல், தண்ணீர் எப்படி, நீங்கள் சொன்னதற்கு என்ன பதில் வந்தது என்பதை எழுதுங்கள். ரூம் மாற்றிக் கொடுத்தார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். ஆடி அமாவாசைக்கு அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வரப்போகிற யாரோ ஒருவருக்கு, நட்சத்திரங்களைவிட "மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, குழாயில் உப்புத் தண்ணீர்" என்ற ஒரு வரிதான் உதவும்.